சொல்வழிக் கணக்கும் சமன்பாடும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாளன்று நம் நாட்டில் தசாம்ச நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுகாறும் ஒரு ரூபாய் என்பது 16 அணா. ஓர் அணா என்பது 12 தம்பிடி. புதிய முறையிலோ ஒரு ரூபாய் 100 நயா பைசாவாக வகுக்கப்பட்டது. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் ஒருங்கே வழங்கியமையால், மக்களின் வசதிக்காக மாற்று அட்டவணைகள் வெளியிடப்பட்டன. 1 அணாவுக்கு 6 நயா பைசா, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று அவை கூறின. பின்னங்களை நீக்கி முழு எண்ணாகத் தந்த கணக்கு அது. நுட்பமாகக் கூறின், ஓர் அணாவுக்கு 6¼ நயா பைசா ஆகும். 1964ஆம் ஆண்டு ஜூன் முதல் 'நயா' என்ற அடைமொழியும் நீங்கிற்று.

அந்த அட்டவணையைப் படித்துக் காசு மாற்றுவது எவர்க்கும் எளிதாயிருந்தது. ஆயின் அதனையே ஒரு சமன்பாடாக எழுதுமாறு பணித்தால் என்ன நிகழும்? அணாக்களின் எண்ணிக்கையை 'அ' என்றும், நயா பைசாக்களின் எண்ணிக்கையை 'ந' என்றும் கொள்வோம். "ஓர் அணாவுக்கு 6¼ நயா பைசா" என்னும் வாக்கியத்தைச் சொல் வரிசைப்படியே எழுதுவோர், அ = 6¼ ந என்று எழுதிவிடுவர். பார்வைக்கு இது சரியென்றே தோன்றும். ஆனால், 25 நயா பைசாவுக்கு எத்தனை அணா என்று இதனைக்கொண்டு கணக்கிட்டால், 156¼ அணா, அஃதாவது ஏறத்தாழப் பத்து ரூபாய் என்று விடை வரும்! நாம் அறிந்த விடையோ 4 அணா. சரியான சமன்பாடு ந = 6¼ அ என்பதே. 'அ' என்னுமிடத்தில் 4 என்று இட்டால் 'ந' 25 ஆகிறது. அட்டவணையும் சமன்பாடும் ஒத்துப்போகின்றன.

சொற்களால் அமைந்த கணக்கை இயற்கணிதக் கோவையாகவும் சமன்பாடாகவும் மாற்றுவதில் மாணவர் இடர்ப்படுவதற்கான முதற்காரணம் இவ்வெடுத்துக்காட்டில் அடங்கியுள்ளது. அவர்கள் பெருக்கலையோ வகுத்தலையோ அறியாதவர்கள் அல்லர். சொல்லை மொழிபெயர்க்கிறார்கள், உறவை மொழிபெயர்ப்பதில்லை. இக்குறை எவ்வாறு எழுகிறது என்பதையும், அதனைக் களைவதற்கு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மேற்கொள்ளத்தக்க வழிகளையும், சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து சில சான்றுகளுடன் இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்து எண்ணைக் குறிக்கும், பொருளைக் குறிக்காது

'அ' என்பது அணா என்னும் நாணயம் அன்று, அணாக்களின் எண்ணிக்கை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் இயற்கணிதத்தின் அடிப்படையே இதுதான். நிறுத்தலளவை, நீட்டலளவை வாய்பாடுகளில் நாம் எழுத்துகளை வேறு வகையில் வழங்கிப் பழகியிருக்கிறோம். "1 மீ = 100 செ.மீ" என்று எழுதும்போது 'மீ' என்பது ஓர் அலகின் பெயர்ச்சுருக்கம். அதே மாணவன் அடுத்த பாடவேளையில், மீட்டர்களின் எண்ணிக்கையை 'மீ' என்று கொண்டு கணக்கிடப் புகுந்தால், பெயர்ச்சுருக்கமும் எண்ணும் அவன் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எனவே பொருளின் முதலெழுத்தையே மாறியாகக் கொள்ளும் வழக்கத்தைத் தொடக்க வகுப்புகளில் தவிர்த்தல் நலம். மாம்பழக் கணக்கிற்கு 'ம' வேண்டாம். 'ப' என்றோ 'க' என்றோ கொள்க. அவ்வெழுத்து எதன் எண்ணிக்கை என்பதை முழு வாக்கியமாக முதல் வரியிலேயே எழுதச் செய்க. "ப = மாம்பழம்" என்று எழுதுவது பிழை; "ப = கூடையிலுள்ள மாம்பழங்களின் எண்ணிக்கை" என்பதே சரி.

இத்தடுமாற்றம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெமெண்ட், லாக்ஹெட் ஆகியோர் மங்க் என்பாருடன் இணைந்து 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் தொகை பேராசிரியர் தொகையைப்போல் ஆறு மடங்கு என்னும் செய்தியைச் சமன்பாடாக எழுதுமாறு பொறியியல் முதலாண்டு மாணவர்களைக் கேட்டனர். நூற்றுக்கு 37 பேர் தவறாகவே எழுதினர். தவறியவர்களுள் பெரும்பாலோர் எழுதியது, மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் பேராசிரியர் எண்ணிக்கை வரும் என்று பொருள்படும் தலைகீழான சமன்பாடேயாகும்.

இதற்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, ஆங்கில வாக்கியத்தில் 'ஆறு' என்னும் சொல்லும் 'மாணவர்' என்னும் சொல்லும் அடுத்தடுத்து நிற்பதால், அவ்வரிசையை அப்படியே பெயர்த்து எழுதிவிடுதல். இரண்டாவது, ஒரு பேராசிரியரைச் சூழ ஆறு மாணவர் அமர்ந்திருப்பதாக ஒரு காட்சியை மனத்தில் கொண்டு, அக்காட்சியையே எழுத்தில் வரைந்துவிடுதல். தமிழில், "மாணவர் தொகை பேராசிரியர் தொகையின் ஆறு மடங்கு" என்னும்போது முதற்காரணம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நம் வாக்கிய அமைப்பு சமன்பாட்டின் அமைப்போடு இயல்பாகவே ஒத்துச் செல்கிறது. ஆயின் இரண்டாவது காரணம் எம்மொழியிலும் உண்டு. நம் மொழியில் அது நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' என்பதன் வழியே நுழைகிறது.

கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர் என்று விகிதம் வகுத்துள்ளது. மாணவர் எண்ணிக்கை 'ப' எனவும், ஆசிரியர் எண்ணிக்கை 'த' எனவும் கொண்டால், சமன்பாடு ப = 30 த ஆகும். "ஓர் ஆசிரியருக்கு 30 மாணவர்" என்பதை அப்படியே எழுதுவோர் த = 30 ப என்று எழுதுவர். 240 மாணவர் பயிலும் பள்ளிக்கு 8 ஆசிரியர் வேண்டும் என்பது முதலாவது தரும் விடை. 7,200 ஆசிரியர் வேண்டும் என்பது இரண்டாவது தரும் விடை! விடை இத்துணைப் பெரிதாயின் எவரும் பிழையைக் கண்டுகொள்வர். ஆனால் விகிதம் 4க்கு 5 என்பதுபோல் நெருங்கியிருக்கும்போது, தலைகீழான விடையும் நம்பத்தக்கதாகவே தோன்றும். உரக்கலவை போன்றவற்றில் இத்தகைய நெருங்கிய விகிதங்களும் வரக்கூடும். ஆதலின் அங்கே பிழை கண்ணுக்குப் படாமலே வயலுக்குச் சென்றுவிடும்.

ஒரு சொல்லைத் தவறவிட்டால்

சொல்வழிக் கணக்குகள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. ஏறத்தாழ கி.பி. 850ஆம் ஆண்டளவில், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர், 'கணித சார சங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அப்பதிப்பு 1912இல் சென்னை அரசினர் அச்சகத்தில் வெளியாயிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாவுலூரி மல்லனர் அந்நூலைத் தெலுங்குச் செய்யுளாக்கினார். பதினோராம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அவர், தெலுங்கில் முதல் கணித நூல் தந்தவர் என்னும் சிறப்புக்குரியவர். மூலநூலில் சமணச் சார்புடன் அமைந்த எடுத்துக்காட்டுகளைத் தம் மக்கள் அறிந்த சைவ மரபுக்கேற்ப அவர் மாற்றியமைத்தார். கதை மாறினும் எண்களுக்கிடையேயுள்ள உறவு மாறவில்லை. சொல்வழிக் கணக்கை மொழிபெயர்ப்போர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி இல்லை எனலாம்.

மகாவீரர் தரும் மாங்கனிக் கணக்கு ஒன்றை ஈண்டு நம் சொற்களில் கூறுவோம். ஒரு குவியலிலிருந்து அரசன் ஆறில் ஒரு பங்கு கனிகளை எடுத்துக்கொண்டான். எஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கை அரசி எடுத்தாள். அவ்வாறே ஒவ்வொரு முறையும் எஞ்சியதில் நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று என மூன்று இளவரசர்கள் முறையே எடுத்தனர். கடைசிக் குழந்தைக்கு மூன்று கனிகள் மீந்தன. குவியலில் இருந்தவை எத்தனை?

கனிகளின் மொத்த எண்ணிக்கை 'ப' என்க. அரசன் எடுத்தபின் எஞ்சியது 5/6 ப. அரசி எடுத்தபின் எஞ்சியது அதில் 4/5. பின்னர் முறையே 3/4, 2/3, 1/2. எனவே,

ப × 5/6 × 4/5 × 3/4 × 2/3 × 1/2 = 3

அஃதாவது ப/6 = 3; ஆகவே ப = 18. சரிபார்த்தால், ஒவ்வொருவரும் மும்மூன்று கனிகளே எடுத்திருப்பது புலனாகும்.

இக்கணக்கின் உயிர்நாடி 'எஞ்சியதில்' என்னும் ஒரே சொல்லாகும். அதனைக் கவனியாது, எல்லாப் பங்குகளும் மொத்தக் குவியலிலிருந்தே எடுக்கப்பட்டன என்று கொண்டால், 1/6 + 1/5 + 1/4 + 1/3 + 1/2 என்னும் கூட்டுத்தொகை 87/60 ஆகிறது. குவியலைவிடப் பங்கு பெரிதாகிவிடுகிறது! பின்னங்களைக் கூட்டுவதில் தேர்ந்த மாணவனும் ஒரு சொல்லைத் தவறவிட்டமையால் கணக்கு முழுவதையும் இழக்கிறான். அவனுக்கு மேலும் பத்துப் பின்னக் கணக்குகளைக் கொடுப்பதால் பயன் விளையாது. வாக்கியத்தைப் படிக்கக் கற்பிப்பதே மருந்தாகும்.

தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திலும் வாய்பாடுகள் செய்யுள் வடிவிலேயே உள்ளன. பலாப்பழத்தை அரியாமலே சுளைகளைக் கணக்கிட ஒரு வழி அந்நூலில் கூறப்பட்டுள்ளது. காம்பருகேயுள்ள சிறு முட்களை எண்ணி, அதனை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அதன் கருத்து. எல்லாப் பழங்களுக்கும் இது பொருந்துமா என்பது வேறு வினா. நாம் நோக்கவேண்டியது அதன் வடிவம். முட்களின் எண்ணிக்கை 'க', சுளைகளின் எண்ணிக்கை 'ச' எனின், ச = 6 க ÷ 5 என்னும் சமன்பாடே அச்செய்யுள். அதில் எண்ணப்படுவது, பெருக்கப்படுவது, வகுக்கப்படுவது எல்லாம் எண்ணிக்கையே, பழமன்று. எழுத்து இல்லாமலே இயற்கணிதம் பயின்ற நம் முன்னோர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

எழுத்துக் குறியீடும் நம் நாட்டில் பழமையானதே. தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்று கூறி, அதனை 'யா' என முதலெழுத்தால் குறித்தனர். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வரின் காளகம், நீலகம் முதலிய நிறப்பெயர்களின் முதலெழுத்துகளாகிய 'கா', 'நீ' என்பவற்றை வழங்கினர். 628இல் நூல் செய்த பிரம்மகுப்தரும், 1150ஆம் ஆண்டளவில் பீஜகணிதம் இயற்றிய பாஸ்கராசாரியரும் இம்மரபைச் சேர்ந்தவர்கள். எண்ணப்படும் பொருளின் பெயரைக் கொள்ளாது, அதனோடு தொடர்பில்லாத நிறப்பெயரைக் கொண்டமை கருதத்தக்கது. மாம்பழத்திற்கு 'ம' வேண்டாம் என்று மேலே கூறியதற்கு இம்மரபு ஒரு சான்றாகும்.

வேற்றுமை உருபும் கணிதக் குறியும்

சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறியபோதிலும், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலை மாறவில்லை. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. குப்பம், நகரி முதலிய பகுதிகளில் வீட்டில் தமிழும் வெளியே தெலுங்கும் பேசும் குடும்பங்கள் பல. இத்தகைய வகுப்பறையில், ஒரே கணக்கைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டு, பாடநூலில் ஆங்கிலத்திலும் காணும் மாணவன் இருக்கிறான். அவனுக்கு மூன்று மொழிகளோடு இயற்கணிதம் நான்காவது மொழியாகிறது.

ஆங்கிலத்தில் "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்னும் பொருளைக் கூறும் தொடரில் 5 முன்னும் எண் பின்னும் வரும். சொல் வரிசைப்படி எழுதுவோர் 5 − ப என்று எழுதித் தவறுவர். தமிழில் எண் முன்னும் 5 பின்னும் வருவதால் ப − 5 என்பது இயல்பாக அமைகிறது. தெலுங்கிலும் அவ்வாறே, தமிழின் 'விட' என்பதற்கு 'கண்டே' என்பதும், 'குறைவு' என்பதற்கு 'தக்குவ' என்பதும் நேராக நிற்கும். ஆகவே ஆங்கிலத் தொடரில் தடுமாறும் மாணவனைத் தன் மொழியில் அதனைச் சொல்லிப் பார்க்கச் செய்தல் மிகச் சிறந்த முறையாகும்.

எனினும் தமிழில் சொல் வரிசை ஒரு நிலையான வழிகாட்டி அன்று. "12இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க" என்றும், "ஓர் எண்ணை 12இலிருந்து கழிக்க" என்றும் கூறலாம். வரிசை மாறியும் பொருள் மாறவில்லை; இரண்டும் 12 − ப என்பதே. பொருளைத் தாங்குவது உருபு. 'இலிருந்து' என்னும் உருபு ஏற்ற எண் முன்னே நிற்கும். 'ஐ' உருபு ஏற்ற எண் கழித்தற்குறிக்குப் பின்னே நிற்கும். தெலுங்கில் 'நுண்டி' என்பது இப்பணியைச் செய்கிறது. இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபுகளைப் படித்த மாணவனுக்குக் கணித வகுப்பில் அவற்றின் பயனைக் காட்டினால், இரு பாடங்களும் ஒன்றையொன்று வலியுறுத்தும்.

அடைப்புக்குறிக்கும் தமிழில் ஓர் இணை உண்டு; அதுவே வினையெச்சம். "ஓர் எண்ணின் இருமடங்குடன் 4ஐக் கூட்டுக" என்பது 2ப + 4. "ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி இரட்டிக்க" என்பது 2(ப + 4). 'கூட்டி' என்னும் எச்சம் அச்செயல் முன்னரே முடிந்தது என்பதைக் காட்டுகிறது. முடிந்த செயலை அடைப்புக்குறிக்குள் வைக்கிறோம். "ஓர் எண்ணுடன் 4ஐக் கூட்டி, இரட்டித்து, 6ஐக் கழிக்க 20 வரும்" என்னும் வாக்கியம் 2(ப + 4) − 6 = 20 ஆகிறது; ப = 9. மேலும், கோவை என்பது பயனிலை இல்லாத சொற்றொடர் போன்றது. சமன்பாடு என்பது பயனிலை பெற்ற வாக்கியம் போன்றது. 'வரும்', 'ஆகும்', 'கிடைக்கும்' என்னும் முடிவுச் சொல்லே சமக்குறி.

தெளிவற்ற சொற்களும் சில உள. 'மூன்று மடங்கு' என்றால் 3ப. 'மூன்று மடங்கு அதிகம்' என்றால் சிலர் 3ப என்பர். சிலர் பழைய அளவோடு மூன்று மடங்கைக் கூட்டி 4ப என்பர். '20 விழுக்காடு அதிகம்' என்பதை எல்லோரும் பழைய அளவோடு கூட்டியே கொள்கின்றனர் என்பதை நோக்க, இக்குழப்பம் இயற்கையே. ஆகவே அறிக்கை எழுதும் அலுவலர்கள், "விளைச்சல் மும்மடங்காயிற்று" என்று ஐயத்திற்கிடமின்றி எழுதுதல் வேண்டும்.

குறிப்புச் சொல் முறையின் தீமை

'கூடுதல்' என்று கண்டால் கூட்டு, 'குறைவு' என்று கண்டால் கழி, 'மடங்கு' என்று கண்டால் பெருக்கு என்று கற்பிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. விரைவில் விடை பெறுவதற்கு இது உதவுவதுபோல் தோன்றும். பின்வரும் கணக்கை நோக்குக: "கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள்ளன. இது குமரனிடம் உள்ளதைவிட 5 கூடுதல். குமரனிடம் எத்தனை?" குறிப்புச் சொல்லை நம்பியவன் 17 என்பான். குமரனிடம் உள்ளவை 'ப' எனக் கொண்டு ப + 5 = 12 என எழுதியவன் 7 என்னும் சரியான விடையைப் பெறுவான். வாக்கியத்தில் 'கூடுதல்' இருப்பது உண்மையே. சமன்பாட்டிலும் கூட்டற்குறி இருக்கிறது. ஆயினும் விடை காணக் கழித்தலே வேண்டியதாயிற்று. உறவை எழுதுவது ஒரு செயல், விடை காண்பது மற்றொரு செயல் என்று பிரித்துக் காட்டுவதே இயற்கணிதத்தின் பெரும் நன்மை. குறிப்புச் சொல் முறை இவ்விரண்டையும் ஒன்றாக்கி அந்நன்மையைப் போக்கிவிடுகிறது.

கணக்கிடும் ஆற்றலும் கணக்கைப் படிக்கும் ஆற்றலும் வேறுவேறானவை என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் முதலியன விற்ற சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 1985இல் வெளியாயிற்று. விற்பனையின்போது அச்சிறுவர்கள் நூற்றுக்கு 98 வினாக்களுக்குச் சரியாக விடையளித்தனர். அதே கணக்குகள் எண்களும் குறிகளுமாகத் தாளில் தரப்பட்டபோது சரியான விடைகள் நூற்றுக்கு 37 அளவாகக் குறைந்தன. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் பணிபுரியும் சிறுவர்களைக் குறித்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் 2025இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிப்படுத்துகிறது. சந்தைச் சிறுவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளியிற் பயில்வோர் சந்தைக் கணக்கில் தடுமாறினர். இவ்விரு கரைகளையும் இணைக்கும் பாலமே சொல்வழிக் கணக்கு. அப்பாலம் வலுவாக இல்லாவிடில், மாங்காய் மண்டியில் தந்தைக்குத் துணையாக நின்று பிழையின்றிக் கணக்குக் கூறும் பிள்ளை, பள்ளியில் கணக்கு வராதவன் என்று பெயர் பெற்றுப் படிப்பை விட்டகலும் நிலை ஏற்படும்.

ஐந்து படிகள்

ஆசிரியர்கள் வகுப்பில் பின்வரும் ஐந்து படிகளைக் கையாளலாம். முதலாவது, கணக்கை எண்களை நீக்கிவிட்டுக் கதையாகக் கூறச் செய்க. இரண்டாவது, எது தெரியாதது என்று கண்டு, அதன் எண்ணிக்கைக்கு ஓர் எழுத்திட்டு முழு வாக்கியமாக எழுதச் செய்க. மூன்றாவது, ஒரே அளவை இரு வழிகளில் கூற இயலுமா என்று தேடச் செய்க. சமக்குறியின் இரு பக்கங்களும் அவையே. நான்காவது, சமன்பாட்டைத் தீர்க்குமுன், ஒரு சிறிய எண்ணை இட்டு அது கதைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் செய்க. ஐந்தாவது, கிடைத்த விடையை மீண்டும் கதைக்குள் கொண்டுசென்று சரிபார்க்கச் செய்க.

மாம்பழ வாணிபத்திற்குப் பெயர்பெற்ற சித்தூரிலிருந்து ஒரு கணக்கு. விலைகள் எளிமை கருதிக் கொள்ளப்பட்டவை. ஒருவர் பங்கனப்பள்ளியும் பெங்களூராவுமாக 100 கிலோ பழம் வாங்கினார். முன்னதன் விலை கிலோ 60 ரூபாய், பின்னதன் விலை 20 ரூபாய். மொத்தம் 3,200 ரூபாய் கொடுத்தார். பங்கனப்பள்ளியின் எடை 'ப' கிலோ என்க. மற்றதன் எடை 100 − ப. கொடுத்த பணத்தை இரு வழிகளில் கூறலாம்: 60ப + 20(100 − ப) = 3,200. இதனைச் சுருக்கினால் 40ப = 1,200; ப = 30. ஆகவே 30 கிலோவும் 70 கிலோவும். 1,800 ரூபாயும் 1,400 ரூபாயும் கூட்டினால் 3,200 ஆவது காண்க. இரண்டாவது எழுத்து ஒன்றைப் புகுத்தாமல், 'மற்றதன் எடை' என்பதை முதல் எழுத்தாலேயே கூறியது கவனிக்கத்தக்கது.

ஐந்தாம் படியின் இன்றியமையாமையைத் திருப்பதிக் கணக்கு ஒன்று விளக்கும். அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. முதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 15 படி வீதம் ஏறி 600 படிகளைக் கடந்துவிட்டார். அப்போது இளைஞர் ஒருவர் அடிவாரத்திலிருந்து நிமிடத்துக்கு 20 படி வீதம் ஏறத் தொடங்குகிறார். எப்போது அவரை எட்டுவார்? நிமிடங்களின் எண்ணிக்கை 'க' எனின், இருவரும் நிற்கும் படியை இரு வழிகளில் கூறி, 600 + 15க = 20க என எழுதலாம். க = 120. அப்போது அவர்கள் 2,400ஆம் படியில் நிற்பர்.

முதியவர் 600க்குப் பதிலாக 900 படிகள் கடந்திருந்தால்? 900 + 15க = 20க; க = 180. சமன்பாட்டில் பிழையில்லை, தீர்வும் சரியே. ஆனால் 180 நிமிடத்தில் இளைஞர் இருக்கவேண்டியது 3,600ஆம் படி. அத்தகைய படி நடைபாதையில் இல்லை! முதியவர் 177 நிமிடத்துக்குள்ளாகவே உச்சியை அடைந்துவிடுவார். இளைஞர் வழியில் அவரை எட்டமாட்டார். சமன்பாடு படிகளின் முடிவை அறியாது. அதனை அறிந்தவர் கணக்கிடுவோரே. மூலத்தோடு ஒப்புநோக்காத மொழிபெயர்ப்பு எவ்வாறு முற்றுப்பெறாததோ, அவ்வாறே கதையோடு ஒப்புநோக்காத விடையும் முற்றுப்பெறாதது.

களப்பணியாளர் கவனத்திற்கு

விகிதங்களைக் கையாளும் பணியாளர்க்கு மற்றுமொரு சான்று. திருமலைக் கோயில் லட்டுக்கான பொருள்களின் அளவுப் பட்டியல் 'திட்டம்' என வழங்குகிறது. 5,100 லட்டுகளுக்கென வெளியிடப்பட்டுள்ள பட்டியலில் கடலை மாவு 180 கிலோ, சர்க்கரை 400 கிலோ எனக் காணப்படுகின்றன. சுருக்கினால், 9 பங்கு மாவுக்கு 20 பங்கு சர்க்கரை. மாவின் எடை 'ப' கிலோ, சர்க்கரையின் எடை 'க' கிலோ என்க. 9ப = 20க என்று எழுதத் தோன்றும்; அது தவறு. ப = 9, க = 20 என இட்டால் 81ம் 400ம் எவ்வாறு சமமாகும்? 20ப = 9க என்பதே சரி; இருபுறமும் 180 வருகிறது. பெரிய எண் சிறிய அளவோடு சேரும் என்பதை நினைவிற் கொள்க. இச்சோதனைக்கு அரை நிமிடமே போதும். மருந்துத் தெளிப்புக்கும், தீவனக் கலவைக்கும், சிமெண்டு மணல் கலவைக்கும் இதே சோதனை பொருந்தும். வேளாண் மக்களிடம் ஒரு வாய்பாட்டைக் கொடுக்குமுன், அவர்கள் ஏற்கெனவே அறிந்த ஓர் அளவை அதில் இட்டுச் சரிபார்த்த பின்னரே கொடுத்தல் வேண்டும்.

எண்களைப் பற்றிய வினாவைத் தீர்க்க விரும்புவோர் அதனைத் தம் மொழியிலிருந்து இயற்கணித மொழிக்குப் பெயர்த்தால் போதும் என்னும் கருத்தை 1707இல் வெளியான தம் நூலில் நியூட்டன் கூறியுள்ளார். அதற்கு முதலில் தம் மொழி தெளிவாகத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளையேனும், விடை காணாமல் சமன்பாடு அமைப்பதற்கென்றே ஒதுக்குதல் நன்று. ஒரு நாள் வாக்கியத்தைச் சமன்பாடாக்குக; மறுநாள் 3ப + 5 = 50 போன்ற ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அதற்கேற்ற கணக்கொன்றைத் தம் ஊர்ச் சந்தையிலிருந்தும் வயலிலிருந்தும் மாணவரே அமைக்கச் செய்க. தமிழில் ஒருவனும் தெலுங்கில் ஒருவனும் அமைத்த இருவேறு கதைகள் ஒரே சமன்பாட்டில் வந்து சேர்வதை அவர்கள் காணும்போது, எழுத்துக்குப் பின்னால் நிற்பது சொல்லன்று, உறவே என்பது விளக்கம் வேண்டாமலே விளங்கும்.